வேலப்பன்சாவடியில் ஒரு பாலை மரம்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் பெருவழியில் பயணம் செய்துள்ள அன்பர்கள் வேலப்பன்சாவடி என்னும் நிறுத்தத்தை அறிந்திருப்பார்கள். திருவேற்காட்டுக்குச் செல்வோர் இறங்கித் திரும்பும் இடம் அது. இறங்கியதும் கண்ணிற்படுவன கல்லூரிக் கட்டடங்களும், உணவகங்களும், இடைவிடாது ஓடும் லாரிகளுமே. காடு பற்றி எழுதப் புகுந்தவர் இந்த ஊரை ஏன் தேர்ந்தார் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். நடந்தும் மாட்டு வண்டியிலும் மக்கள் சென்ற காலத்தின் நினைவு இவ்வூர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றுப்புற ஊர்களின் பெயர்களோ அதனினும் பழைய செய்தி ஒன்றைச் சொல்கின்றன. வடக்கே திருவேற்காடு, அதாவது வேல மரங்கள் நிறைந்த காடு. தெற்கே மாங்காடு. இருப்புப்பாதை வழியே மேற்கு நோக்கிச் சென்றால் வேப்பம்பட்டு. அதற்கும் அப்பால் திருவாலங்காடு. வேற்காடு என்னும் பெயர் ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்திலேயே காணப்படுகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டின் பெயரால் அறியப்பட்ட ஊர் என்றால், அக்காடு எத்தகையதாய் இருந்திருக்கும்? இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்தது ஆராய்ச்சி ஆர்வத்தால் அன்று. குடும்பத்தில் எழுந்த ஒரு சிறு வழக்கினால்.

நம் பாட்டனார் வேலப்பன்சாவடியில் ஒன்றரை கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருந்தார். தந்தையார் காலத்துக்குப் பின் அது நம் தமையனாரின் பங்குக்கு வந்தது. மகளுக்குத் திருமணம் பேசி முடித்துள்ள நிலையில், அம்மனையில் வீடு எழுப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மனையின் ஒரு மூலையில் புதர் மண்டிக் கிடந்தது. நடுவிலிருந்து சற்று விலகி ஒரு மரம் நின்றது. உயரம் அதிகமில்லை, ஆனால் அடிமரம் முறுக்கேறி, பட்டை பிளந்து, இலை கரும்பச்சையாய்த் தோல் போல் தடித்து, சித்திரை வெயிலிலும் சற்றும் வாடாமல் நின்றது. அதன் பெயர் வீட்டில் எவருக்கும் தெரியாது. ‘பழைய மரம்’ என்றே சொல்லி வந்தோம்.

தமையனார் விறகுத் தொட்டிக்காரர் ஒருவரை அழைத்து வந்து காட்டினார். அவர் மரத்தைச் சுற்றி வந்து, ஒரு தட்டுத் தட்டி, “ஐயா, ரெண்டு டன்னுக்குக் குறையாது. ஆனா கோடாலி வாய் மழுங்கிப் போகும். அந்தக் கூலியைக் கழிச்சுத்தான் விலை சொல்ல முடியும்” என்றார். சொன்ன விலையும் அற்பமே. தமையனாரோ விலைக்காக வெட்டவில்லை, இடத்துக்காகத்தான் வெட்டுகிறோம் என்ற நிலையில் இருந்தார். நாமும் அதை மறுக்கவில்லை. மரத்துக்காகப் பெண்ணின் வீட்டை நிறுத்துவது எவ்வகையில் நியாயம்?

நிற்க. தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. வெட்டுமுன் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று அவரை அழைத்துச் சென்றோம். இலையைக் கையில் வாங்கியவர் கிள்ளினார், பால் கசிந்தது. “தம்பி, இது பாலை. உலக்கைப் பாலை என்றும் சொல்வார்கள்” என்றார். உலக்கை செய்ய ஏற்ற உறுதி கொண்ட மரம். இதன் கட்டை தண்ணீரில் மிதக்காது, மூழ்கும். மஞ்சள் நிறச் சிறு பழம் தேனாய் இனிக்கும். இலங்கையில் வன்னிப் பகுதியிலிருந்து வந்து நம் ஊர்களில் வாழும் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பாலைப்பழம் என்றதும் அவர்கள் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

பின்பு அவர் மூலைப் புதருக்குள் நுழைந்தார். நாம் குப்பைமேடு என்று எண்ணியிருந்த அவ்விடத்தில் களா இருந்தது. காட்டெலுமிச்சை எனப்படும் குருந்து இருந்தது. வயலட் நீலத்தில் பூக்கும் காயா இரண்டு தூர் இருந்தன. வெளியே வந்தபோது அவருடைய சட்டையில் முள் கிழித்திருந்தது. அதைப் பொருட்படுத்தாமல், “மனை அன்று, இது ஒரு காட்டின் கடைசிப் பக்கம்” என்றார். மிகைப்படுத்துகிறார் என்றே அப்போது எண்ணினோம்.

அன்று மாலை அவர் சொன்னவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் இங்கு வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி, ஆந்திரக் கரை தொடங்கி இராமநாதபுரம் வரை, ஒரு தனி வகைக் காடு இருந்தது. வறண்ட நிலத்துப் பசுமை மாறாக் காடு என்று அதனைத் தமிழில் சொல்லலாம். 1936-ல் சாம்பியன் என்னும் வனத்துறை அறிஞர் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்கும் ஓர் இடம் கொடுத்தார். 1968-ல் அவரும் சேத் என்பவரும் திருத்தி வெளியிட்ட பட்டியலில் இது ஏழாம் வகை. இதில் ஒரு புதிர் உண்டு. வறண்ட நாட்டு மரங்கள் கோடையில் இலையுதிர்த்துத் தம்மைக் காத்துக் கொள்வதே வழக்கம். தேக்கு அவ்வாறே செய்கிறது. சென்னையைச் சூழ்ந்த பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை முதல் ஆனி வரை நிலம் காய்கிறது. அப்படியிருந்தும் பாலையும், வீரையும், காயாவும், நாவலும் இலையை விடுவதில்லை. சிறிய, தடித்த, மெழுகு பூசிய இலைகளால் நீரை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கின்றன.

இவ்வாறு வறட்சியைப் பசுமையோடு எதிர்கொள்ளும் காடு உலகில் வேறெங்கும் உண்டோ என்று கேட்டோம். நண்பர் நம்மை மத்தியதரைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்றுவிட்டார், சொல்லளவில்தான். பிரான்சின் தென்பகுதி, ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், புனித நாடு ஆகியவற்றில் வளரும் கருவாலி மரங்களுள் சில வகைகள் குளிர்காலத்தில் மழை பெற்று, கோடையில் மழையின்றி, எப்போதும் இலையுடன் நிற்பவை. ஓக் என்று நாம் கேள்விப்படும் மரம் இதுவே. மம்ரேயில் ஆபிரகாம் மூன்று விருந்தினரை நிழலில் அமர்த்தி உபசரித்த மரமும் கருவாலியே என்பது வழிவழி வந்த கருத்து. எபிரோன் நகரருகே அம்மரம் என்று காட்டப்பட்டு வந்த பழம்பெரும் கருவாலி 1996-ல் பட்டுப்போய், 2019-ல் சாய்ந்துவிட்டது.  தொடக்கநூலின் அப்பகுதியை எத்தனையோ முறை கேட்டிருந்தும், மரத்தைப் பற்றி நாம் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை.

பிரான்சில் மொன்பெலியே நகருக்கு அருகே உள்ள கருவாலிக் காடுகளை அறிஞர்கள் நெடுங்காலமாக அளந்து வருகிறார்கள். அளப்பது என்றால் மூன்றை அளப்பது. முதலாவது காட்டின் அமைப்பு: எத்தனை அடிமரங்கள், எவ்வளவு பருமன், எத்தனை அடுக்கு. இரண்டாவது காட்டின் எடை: ஒரு ஹெக்டேரில் நிற்கும் மரம், கிளை, இலை அனைத்தையும் உலர்த்தி நிறுத்தால் எத்தனை டன். மூன்றாவது காட்டின் விளைச்சல்: ஆண்டொன்றுக்கு அக்காடு புதிதாக எத்தனை டன் உண்டாக்குகிறது. உழவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இம்மூன்றும் விளங்கும். வயலில் நாற்று அடர்த்தி, களத்தில் கண்டு முதல், ஆண்டுக்கு எத்தனை போகம் என்பது போல.

காட்டை எப்படி நிறுப்பது? ஆதியில் ஒரு துண்டு நிலத்தின் மரங்களை வெட்டி, துண்டு துண்டாக்கித் தராசில் வைத்தார்கள். மரத்தின் எடை அறிய மரத்தைக் கொல்ல வேண்டியிருந்தது! அவ்வாறு பல மரங்களை நிறுத்த பிறகு, நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு, மரத்தின் உயரம், கட்டையின் அடர்த்தி ஆகியவற்றைக் கொண்டே எடையைக் கணக்கிடும் வாய்பாடுகள் வகுத்தனர். இனி வெட்ட வேண்டியதில்லை, அளவுநாடா போதும். விளைச்சலை அறிவதற்கோ பொறுமைதான் கருவி. மரங்களுக்கு அடியில் வலைத்தொட்டிகள் வைத்து, விழும் இலை, சுள்ளி, பூ, காய் யாவற்றையும் மாதந்தோறும் எடுத்து உலர்த்தி நிறுப்பார்கள். அத்துடன் அடிமரம் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் பருத்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

மொன்பெலியேயை அடுத்த ரூக்கே என்னுமிடத்தில், ஏறத்தாழ 150 ஆண்டு வயதுள்ள கருவாலிக் காடு ஒன்றில் மண்ணுக்கு மேலுள்ள எடை ஹெக்டேருக்குச் சுமார் 270 டன் என்று கண்டார்கள். ஆண்டு விளைச்சல் ஆறரை டன் அளவே. அதிலும் பாதிக்கு மேல் சருகாய் விழுந்து மண்ணுக்கே போய்விடுகிறது. எஞ்சியதுதான் மரமாய்ச் சேர்கிறது. எனவே அந்த 270 டன் என்பது ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு. பேராசையின்றி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் அஞ்சலகக் கணக்குப் போன்றது என்று நமக்குத் தோன்றியது.

நம் சோழமண்டலக் கரைக் காடுகளின் கணக்கும் உண்டு. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் லெக்ரி, மேஹர் ஹோம்ஜி முதலியோர் இக்காடுகளை ஆராய்ந்தனர். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் எஞ்சியிருக்கும் துண்டுக் காடுகளில் மரம் மரமாக அளந்தனர். 2007-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் பத்து இடங்களின் எடை வருகிறது. அவர்கள் கண்டது, அடிமரப் பருமனைக் கொண்டு கணக்கிடுகையில், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 40 டன் முதல் 170 டன் வரை. ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 45 கிரவுண்டு. ஆகவே கிரவுண்டுக்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு முதல் நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவு வரை. பிரான்சின் அக்கருவாலிக் காட்டில் கிரவுண்டுக்கு ஆறு டன்.

இக்கணக்கைப் போட்டுக்கொண்டே நண்பர் நாடாவை எடுத்து நம் பாலையைச் சுற்றினார். சுற்றளவு 1.80 மீட்டர், குறுக்களவு 57 சென்டிமீட்டர். உயரம் ஒன்பது மீட்டர் அளவு. உலர்ந்த எடை ஒன்றரை டன் என்று வாய்பாடு விடை சொல்லிற்று. பச்சை மரத்தில் நீர் சேரும் அன்றோ? விறகுத் தொட்டிக்காரர் ஒரு தட்டில் சொன்ன இரண்டு டன்னை எண்ணி வியந்தோம். எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் படித்தவரல்லர்.

இவ்வளவு செழித்த காடு நம் பகுதியிலிருந்து எங்கே போயிற்று? பெரும்பகுதி அடுப்புக்குப் போயிற்று. வளர்ந்து வந்த சென்னைப் பட்டணத்துக்குச் சுற்றுப்புறக் காடுகளே விறகு தந்தன. செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் தின்றது போக, 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை புகைவண்டி ஓடத் தொடங்கியது. ஆவடி வழியே சென்ற அந்த வண்டிகளின் காலத்தில் எரிபொருளுக்கு விறகும் வேண்டியிருந்தது. அதே 1856-ல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராய் கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவர் பொறுப்பேற்றார். விறகுப் பஞ்சத்தைப் போக்க 1860-களில் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகின. சவுக்கு விரைந்து வளரும். சில ஆண்டுகளில் வெட்டலாம். பாலை அப்படியன்று.

வெட்டப்பட்டதால் மட்டும் இக்காடு அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காயாவும் வீரையும் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்ப்பவை. மத்தியதரைக் கருவாலியும் அப்படியே. கரி சுடுவோர் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை அடியோடு வெட்டுவார்கள். கரும்பின் மறுதாம்பு போல் அது ஒரு தூரிலிருந்து பல கிளைகளாய் எழும். மண்ணுக்குள் பருத்துக் கிடக்கும் வேர்க்கட்டைதான் அதன் முதல். மொன்பெலியேக்கு அருகே புவேஷபோன் என்னும் காடு கடைசியாக 1942-ல் வெட்டப்பட்டது. இன்று அது மூடிய காடு. மழை குறைந்தால் காடு என்னாகும் என்றறிய, 2003 முதல் அங்கே ஒரு பகுதியில் மரங்களுக்கடியில் பிளாஸ்டிக் தூம்புகள் அமைத்து, மண்ணில் சேரும் மழைநீரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வடித்துவிட்டுப் பார்த்து வருகிறார்கள். பிள்ளையைப் பட்டினி போட்டுச் சோதிப்பது போல என்று நம் தமையனாரின் மனைவியார் இதைக் கேட்டுக் கடிந்துகொண்டார். இங்கே நம் காடுகளில் வேர்க்கட்டைக்கும் அமைதி கிட்டவில்லை. துளிர்த்ததை ஆடு மேய்ந்தது; பிறகு வேரையும் தோண்டினார்கள்; அதன்பின் மனை போட்டார்கள். வெற்றிடத்தில் சீமைக் கருவேலம் புகுந்தது. வேற்காட்டின் வெள்வேலுக்கும் இந்தச் சீமைச் சரக்குக்கும் பெயரில் மட்டுமே உறவு.

எஞ்சிய காட்டைக் காண விரும்பும் அன்பர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821-ல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கிய வேட்டைக்காடு, 1978-ல் தேசியப் பூங்காவானது. பரப்பு சுமார் 270 ஹெக்டேர். நாம் சென்றதோ புதுவைக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள புத்துப்பட்டுக்கு. ஐயனார் கோவிலைச் சூழ்ந்த காடு அது. அவ்வூரார் தலைமுறை தலைமுறையாய்க் காத்து வந்தது. வைகாசி நண்பகலில் சாலையில் தார் உருகிக் கொண்டிருந்தது. பத்தடி உள்ளே நுழைந்தோம். வெயில் காணாமற் போயிற்று. மேற்கவிகை நம் தலைக்கு மேல் அதிக உயரத்தில் இல்லை, ஆனால் துளையின்றி மூடியிருந்தது. ஒரே தூரிலிருந்து நான்கைந்து அடிமரங்கள் எழுந்து வளைந்தன. கைப்பருமன் கொடிகள் மரத்துக்கு மரம் தாவிப் பின்னியிருந்தன. காலடியில் புல் இல்லை, சருகு மெத்தைதான். நண்பர் குனிந்து சருகை விலக்கினார். கோடையின் உச்சியிலும் அடி மண் ஈரமாயிருந்தது. நம் தமையனாரின் மகளும் உடன் வந்திருந்தாள். அவள் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, நம்ம மூலைப் புதரும் விட்டு வச்சிருந்தா இப்படித்தான் ஆகியிருக்குமா?” என்று கேட்டாள். ஆகியிருக்கும் என்றோம்.

வீடு திரும்பியதும் வழக்கு மீண்டும் தொடங்கிற்று. தமையனார் எளிதில் இசைபவர் அல்லர். “நீ கட்டுரை எழுதுவாய், நான்தான் கட்டடம் கட்ட வேண்டும்” என்றார். அது உண்மைதானே! மேஸ்திரியோ, வேர் அடித்தளத்தைப் பிளக்கும், புயல் வந்தால் மரம் வீட்டின் மேல் சாயும் என்று அச்சுறுத்தினார். அப்போது அண்ணி ஒரு நாளை நினைவூட்டினார். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது நகரெங்கும் மரங்கள் வீழ்ந்தன. அழகுக்காக நட்ட வெளிநாட்டு மரங்களே மிகுதியாய்ச் சாய்ந்தன என்று அன்று பலரும் எழுதினார்கள். நம் தெருவிலேயே பெருங்கொன்றைகள் வேரோடு பெயர்ந்து ஒரு வாரம் வழியடைத்துக் கிடந்தன. நாமே ஆசையாய் நட்ட குல்மொகர் மதிற்சுவரை இடித்துக்கொண்டு விழுந்தது. அடுத்த நாள் மனையைப் பார்த்து வரச் சென்ற அண்ணிக்கு, பாலையின் கீழே ஒரு கிளை முறிந்து கிடந்தது மட்டுமே கண்ணிற்பட்டது. “அது ஆடக்கூட இல்லை போலிருந்தது” என்றார்.

இறுதியில் வரைபடம் திருத்தப்பட்டது. மாடிப்படி வடக்கிலிருந்து கிழக்குக்கு மாறிற்று, அதனால் முன்னறை இரண்டடி குறுகிற்று, செலவு கூடிற்று. கூடிய செலவில் பாதியை நாம் ஏற்றோம். பாலை நிற்கிறது. மூலைப் புதரைக் காக்க நம்மால் இயலவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்கு வேறு இடம் இல்லை என்று மேஸ்திரி உறுதியாகச் சொல்லிவிட்டார். களாவும் குருந்தும் ஒரே காலையில் போய்விட்டன. காயாத் தூர்களுள் ஒன்றை நண்பர் வேர்மண்ணோடு பெயர்த்து மதிலோரம் வைத்தார். அது பிழைக்குமோ என்ற ஐயம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

விறகுத் தொட்டிக்காரரிடம் மரம் விற்பனைக்கு இல்லை என்று சொல்லியனுப்பினோம். அவருக்கு வருத்தமில்லை, கோடாலி பிழைத்தது என்றாராம். தமையனார் மகள் பழைய கொசுவலை ஒன்றைச் சதுர மீட்டர் அளவுக்கு வெட்டி, நான்கு கழிகளில் பாலையின் கீழே கட்டியிருக்கிறாள். மாதம் பிறந்ததும் அதில் விழுந்த சருகை வெயிலில் உலர்த்தி, அடுக்களைத் தராசில் நிறுத்து, நாட்காட்டியின் பின்புறத்தில் குறித்து வைக்கிறாள். திருமணம் தை மாதத்தில். அதற்குப் பின் குறிப்பை யார் தொடர்வது என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. அண்ணி தாம் எழுதுவதாய்ச் சொல்லியிருக்கிறார்.